ஒத்தக்கம்பிப் பதத்தில் ரத்தம்

கோயமுத்தூருக்குத்தான் போறயா அம்மிணி? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். எதுக்குப் போறேன்னு கேளு. எங்கூட்டுக்காரரோட மானம் கப்பலேறப் போகுது, அதைப் பாக்கறதுக்குப் போறேன்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். இன்னைக்குப் பதினொரு மணிக்கு அங்க ஒரு மண்டபத்துல, நானூறு பேரு முன்னால, அவுரு மேடையேறிப் பொம்மைய வெச்சுப் பேய் போட்டோ புடிச்சுக் காட்டப் போறாரு. அவுருக்கு அது வராது. வராதுன்னு எனக்குத் தெரியும், அவுருக்கும் தெரியும், அந்த நானூறு பேருக்குத்தான் தெரியாது. பதினொன்னேகாலுக்கு அவிங்களுக்கும் தெரிஞ்சுரும். நான் கடைசி வரிசையில ஒக்காந்து பாத்துட்டு, ஒரு டீயக் குடிச்சுட்டு, ரெண்டு மணி வண்டிக்குத் திரும்பிருவேன். இந்த டிரைவரு கொண்டுபோய்ச் சேத்தோணும், அவ்வளவுதான். வியாழக்கெழம நாளும் அதுவுமா புளியம்பட்டிச் சந்தை, ரோடு பூரா மாட்டு லாரி. இன்னைக்கா பாத்து விழா வெப்பாங்க?

என்ற பேரு பாவாயி. சத்தியில, வடக்குப்பேட்டை. அவுரு பேரு நாச்சிமுத்து. மின்சார ஆபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையராகி மூணு வருசமாகுது. கம்பம் ஏறுன வரைக்கும் நல்ல மனுசன் அம்மிணி. எறங்குனதுக்கு அப்புறந்தான் கெட்டுப் போனாரு.

இல்ல, குடியெல்லாம் இல்ல. குடிச்சிருந்தாக்கூட நாலு ஒறம்பரைகிட்டச் சொல்லி அழுதிருப்பேன். புருசன் அடுப்பு மேடையில பொம்மைப் பேயை வெச்சுட்டு, அது முன்னால குப்புறப் படுத்துக் கெடக்கறாருன்னு யாருகிட்டப் போய்ச் சொல்றது?

அவுருக்குப் பழைய பேய்ப்படம்னா அப்படியொரு கிறுக்கு. கல்யாணமாகி எட்டாம் நாளு டென்ட் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போனாரு. புதுப்பொண்ணு நானு, கனகாம்பரம் வெச்சுட்டு ஒக்காந்திருக்கறேன். படத்துல ஒரு பங்களா, மழை, மின்னல். வெள்ளைச் சேலையில ஒருத்தி கெணத்துக்குள்ள இருந்து மேல வர்றா. நான் முந்தானைய எடுத்துக் கண்ணை மூடிட்டேன். இவுரு காதுகிட்ட வந்து, "பயப்படாத, அந்தப் பங்களா முழங்கால் உசரந்தான் இருக்கும், அட்டையில செஞ்சது, மின்னலு வெல்டிங் அடிக்கறது, அவ இடுப்புல கயிறு தெரியுது பாரு" அப்படிங்கறாரு. படம் முடியற வரைக்கும் இதே பேச்சு. பயப்படறதுக்குத்தான அம்மிணி டிக்கெட்டு வாங்கினோம்? கயித்தைப் பாக்கறதுக்கா வாங்கினோம்?

சரி, அது அப்ப. ரிட்டையரானதும் மகன் பெங்களூர்ல இருந்து ஒரு நல்ல போனு வாங்கிக் குடுத்தான். பேரன் லீவுக்கு வந்துட்டு ஒரு கூடைப் பொம்மைய உட்டுட்டுப் போனான். போனும் பொம்மையும் ஒரே ஊட்டுல கெடந்தா என்ன ஆகும்? இவுருக்கு டென்ட் கொட்டாய் ஞாபகம் வந்துருச்சு. பூதக்கண்ணாடி ஒண்ணைப் போனு மூஞ்சியில டேப் போட்டு ஒட்டுனாரு. டார்ச் லைட்டு நாலு வாங்கினாரு. வந்த கல்யாணப் பத்திரிகையெல்லாம் எடுத்து வெட்டி ஒட்டி, மூணு மாடியில ஒரு பேய் பங்களா கட்டுனாரு.

கட்டி முடிச்சு என்னையக் கூப்பிட்டுக் காட்டுறாரு. நான் பாத்தேன். பங்களா மொகப்புல மஞ்சக் கலர்ல புள்ளையாரு ஒக்காந்திருக்காரு. ரெண்டாம் மாடி சன்னலுக்குக் கீழ, 'தங்கள் வரவை எதிர்நோக்கும்'னு போட்டு, கவுந்தப்பாடி மாப்பிள்ளையூட்டுக்காரங்க பேரு வரிசையா இருக்குது. "ஏனுங், வாசல்ல புள்ளையாரு ஒக்காந்திருந்தா எந்தப் பேய்ங்க உள்ள போகும்?"னு கேட்டேன். மனுசனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. அப்புறம் நான்தான் அடுப்புக்கரியையும் மைதாப் பசையையும் கொழைச்சு, செவுரு பூரா பூசி உட்டேன். சும்மா பாத்துட்டு இருக்க முடியல, அதனால செஞ்சேன். அதுல ஆசையெல்லாம் ஒண்ணும் கெடையாது. கரிய மட்டும் பூசுனா புதுச்செவுத்துக்குப் பெயிண்டு அடிச்சாப்புல இருக்கும். அது காயறதுக்குள்ள மேல கொஞ்சம் ராகி மாவைத் தூவி ஊதி உட்டா, நூறு வருசம் மழையில நனைஞ்ச செவுரு வந்துரும். இது யாருக்கும் தெரியறதுதான்.

என்ன அம்மிணி, தெரியாதா? சரி, எனக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் மூடுபனி. ஊதுபத்தி நாப்பது கொளுத்தி வெச்சாரு. போட்டோவுல பாத்தா பேய் பங்களாவுல வெள்ளிக்கெழம பூசை நடக்கற மாதிரி இருக்குது. பொகை மேல போகுதுல்ல? பனி மேல போகுமா? பனின்னா தரையில படுத்துக் கெடக்கோணும். இதை அவுருகிட்ட எப்படிச் சொல்றது, படிச்சவரு. நான் மாவு எடுக்கப் பிரிஜ்ஜைத் தொறந்தேன். மேல்தட்டுல இருந்து வெள்ளையா ஆவி வந்து கீழ எறங்குது. அப்படியே நின்னுட்டேன். கதவத் தொறந்து போட்டுட்டு அஞ்சு நிமிசம் நின்னிருப்பேன். குளுந்தது கீழ வரும், அவ்வளவுதான் சங்கதி.

சாம்பிராணிப் பொகைய ஒரு குழாய் வழியா, ஐஸ் போட்ட தூக்குப்போசிக்குள்ள உட்டு, இந்தப் பக்கம் இன்னொரு குழாய் வெச்சு வெளிய எடுத்தோம். பொகை குளுந்து போயி, பங்களா படிக்கட்டுல ஒவ்வொரு படியா எறங்கி வந்துச்சு அம்மிணி. எனக்கே மேலு சிலுத்துருச்சு. அவுரு போட்டோ எடுக்க மறந்துட்டு வாயப் பொளந்துட்டு நிக்கறாரு. "ஏனுங், அமுத்துங்க அந்தப் பொத்தானை"ன்னு நான்தான் கத்துனேன்.

அப்புறம் ஒண்ணொண்ணா என்ற தலையில வந்துருச்சு. சதுப்பு நிலம் வேணும்னாரு. ராகிக்கூழைக் கொஞ்சம் தண்ணியாக் கரைச்சு, சின்னத் தீயில வெச்சா பொளக் பொளக்னு மொட்டு உடும். அதுல அரைச்ச கீரைய ஒரு கரண்டி கலந்துட்டா, அதுக்குள்ள எறங்குனவன் ஏற மாட்டான். மொத நாளு அதைப் பண்ணிப் போட்டோ எடுத்துட்டு, மத்தியானம் அதையேதான் குடிச்சோம். வீணாக்கவா முடியும்?

பேய்க்கு ஒரு பொம்மை வேணும். பண்ணாரி நோம்பியில கடை போடுவாங்கல்ல, அங்க வாங்கின பொம்மை ஒண்ணு இருந்துச்சு. அம்மன் கோயில் கடைப் பொம்மையப் பேயாக்கறமேன்னு எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். அம்மன் பாக்காத பேயான்னு உட்டுட்டேன். அதுக்குத் தலையில கறுப்பு நூலைக் கட்டுனாரு. நூலுன்னு கண்ணை மூடிட்டே சொல்லிரலாம். நான் முடிக்குப் பாத்திரம் குடுக்கறவனுக்குன்னு சீவுன முடியெல்லாம் ஒரு பையில சேத்து வெச்சிருந்தேன், ரெண்டு வருச முடி. ஒரு இட்லிப் பானை வாங்கலாம்னு இருந்தேன். அதை எடுத்து வெளக்கெண்ணெய் தடவி, பொம்மைக்கு இடுப்பு வரைக்கும் ஒட்டி உட்டேன். ஒட்டிட்டுத் திருப்பிப் பாத்தேன். என்ற முடியைப் பாத்து நானே பயந்துட்டேன் அம்மிணி.

அந்தப் பேயைப் பிரிஜ்ஜுக்குள்ள மேல்தட்டுல வெச்சுருவோம். குளுந்து இருந்தாத்தான் பனி அதுமேல ஒட்டும். ஒருநாளு சம்பந்தியம்மா வந்திருந்தாங்க. வெயில்ல வந்திருக்காங்க, நானே மோரு கரைச்சுத் தர்றேன்னு சொன்னாலும் கேக்காம, "நீங்க இருங்க, நான் ஐஸ் எடுத்துக்கறேன்"னு போயி மேல்தட்டத் தொறந்துட்டாங்க. உள்ள இவ ஒக்காந்திருக்கறா, முடிய விரிச்சுப் போட்டுட்டு. பக்கத்துல ஒரு டம்ளர்ல ரத்தம் வேற. சம்பந்தியம்மா போட்ட சத்தத்துல பக்கத்தூட்டு நாயி ரெண்டு நாளு சாப்பிடல. மருமகளுக்குப் போன் போட்டு, "உன்ற மாமியாருக்கு என்னமோ புடிச்சுருக்குது, மந்திரிக்கோணும்"னு சொல்லியிருக்காங்க. என்னைய! பொம்மை அவுரோடது, போனு அவுரோடது, மந்திரிக்கறது எனக்கு.

அந்த ரத்தம் சங்கதி சொல்லோணும் உனக்கு. மொதல்ல அவுரு குங்குமத்தைத் தண்ணியில கரைச்சு ஊத்தினாரு. ஊத்துனதும் சரக்குன்னு ஓடிப் போயிருச்சு. பேய் எங்கியோ கால் கழுவிட்டு வந்து நிக்கற மாதிரி இருந்துச்சு. சாண் உசரப் பொம்மைக்கு ரத்தம் அந்த வேகத்துல ஓடக் கூடாதும்மா. பொம்மை சின்னது, சொட்டு பெருசு, பாக்கறவனுக்கு அங்கயே தெரிஞ்சு போயிரும். சொட்டு சின்னதாகோணும், ஓட்டம் மெதுவாகோணும். எனக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல. மூணாம் நாளு, கடலை உருண்டைக்குப் பாகு காச்சிட்டு இருக்கறேன், கரண்டியத் தூக்குனா பாகு எறங்குது பாரு, அந்த எறக்கம்! அதுதான் வேகம்னு தெரிஞ்சுது. பீட்ரூட்டைத் துருவிப் புழிஞ்சு, சக்கரை போட்டு, ஒத்தக்கம்பிப் பதத்துல எறக்கிட்டேன். ரெண்டு வெரலுக்கு நடுவுல தொட்டு இழுத்தா ஒரே ஒரு கம்பி வரோணும். வரலைன்னா ஓடிரும். முத்துனா ஒடைச்சுத் திங்கலாம். அதுல காப்பி டிகாசன் ரெண்டு சொட்டு. வெறும் செவப்பு ரத்தமில்லம்மா, உள்ள ஒரு கறுப்பு இருக்கோணும். கோழி அறுத்தவளுக்கு அது தெரியும். கம்பம் ஏறுனவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பனியும், அந்த முடியும், அந்த ரத்தமும் ஒண்ணாச் சேந்து ஒரு போட்டோ. பங்களா மாடியில இவ நிக்கறா, படியில பனி எறங்குது, அதுகூடவே ரத்தம் ஒரு கோடா எறங்குது. அவுரு அதைப் போன்ல போட்டாரு. எங்கெங்கியோ இருந்து ஆளுங்க, இது எந்த ஊரு பங்களான்னு கேக்கறாங்க. ஒருத்தன் ஏற்காட்டுல பாத்திருக்கறேங்கறான். இன்னொருத்தன் அதுக்குள்ள ஒரு ராத்திரி தங்கியிருக்கறேங்கறான். கவுந்தப்பாடிக் கல்யாணப் பத்திரிகைக்குள்ள எப்படித் தங்குனானோ!

அப்பத்தான் பேப்பர்க்காரரு வந்தாரு. அன்னைக்குன்னு பாத்து எனக்குப் பவானிசாகர்ல ஒரு எழவு. போயிட்டுத் தலைக்குத் தண்ணி வாத்துட்டு வந்து கேக்கறேன், "வந்தாங்க, பேசுனாங்க, போனாங்க"ன்னாரு. மூணாம் நாளு பேப்பர்ல வந்துச்சு. பங்களாவோட படம், பக்கத்துல அவுரு படம், தலைக்குச் சாயம் அடிச்சுட்டு. 'யாருடைய உதவியும் இன்றி, தனி ஆளாக, தமது வீட்டுச் சமையலறையில்.'

தமது வீட்டுச் சமையலறை! கேட்டியா? அந்தச் சமையலறையில உப்பு எந்த டப்பாவுல இருக்குதுன்னு அவுருக்குத் தெரியாது.

என்ற பேரு வரோணும்னு நான் ஆசைப்படல. எனக்கெதுக்கு அதெல்லாம்? இருந்தாலும் படிச்சேன். நாலஞ்சு தடவை படிச்சேன். 'பா'வுல ஆரம்பிக்கற வார்த்தை மொத்தம் ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணு பாராட்டு, இன்னொண்ணு பார்வையாளர். பேப்பரை மடிச்சு வெச்சுட்டுப் பொறவாசல்ல போய் ஒக்காந்தேன். அழுகை வந்துருச்சு அம்மிணி. எதுக்கு வந்துச்சுன்னு தெரியல, எழவுக்குப் போயிட்டு வந்த அசதியா இருக்கும்.

அவுருகிட்டக் கேட்டேன். "நான் அப்படிச் சொல்லவே இல்ல பாவாயி, அவிங்களாப் போட்டுக்கிட்டாங்க"ங்கறாரு. யாரு நம்புவா? நான் சண்டை போடல. சண்டை போட்டா, பேருக்கு அலையறான்னு ஆயிரும். அன்னைல இருந்து நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல. மாவுன்னா தோசைக்கு, பாகுன்னா பலகாரத்துக்கு, பிரிஜ்ஜுன்னா தயிருக்கு. பேயை எடுத்து அவுரு மேசை மேல வெச்சுட்டேன்.

அப்புறம் எடுத்த போட்டோ எல்லாம் பாக்கோணுமே நீயி. பனிக்குப் பவுடரக் கொட்டிருக்காரு, பங்களாவுக்கு வேர்க்குரு வந்த மாதிரி. ரத்தத்துக்குத் தக்காளிச் சாறு. வெதை தெரியுது அம்மிணி, ரத்தத்துல வெதை! எடுத்துட்டு என்னைய ஒரு பார்வை பாப்பாரு. நான் கீரை ஆஞ்சுட்டு இருப்பேன்.

இப்படி இருக்கறப்பத்தான், போட்டோப் புடிக்கறவங்க சங்கத்துல இருந்து கடுதாசி வந்துச்சு. அந்தப் பங்களாப் போட்டோவுக்கு மொதப் பரிசு, மேடையிலயே செஞ்சும் காட்டோணும்னு. படிச்சுட்டு மனுசனுக்கு மூஞ்சியில ரத்தமே இல்ல. இருந்திருந்தா நானே எடுத்துப் பதம் பாத்திருப்பேன். இன்னைக்குக் காத்தால ஆறு மணி வண்டிக்குக் கெளம்புனாரு. பங்களாவ ஒரு அட்டைப் பெட்டியில, பேயை ஒரு துண்டுல, ஐஸை ஒரு வாளியில. வாசல்லயே நிக்கறாரு. போகவே மாட்டேங்கறாரு. "நீயும் வாயேன்"னாரு. ஒப்புக்குத்தான் கூப்பிட்டாரு. "நான் அங்க வந்து என்னங்க பண்றது, ஊட்டு வேலை கெடக்குது"ன்னேன். போயிட்டாரு. அவுரு தலை மறைஞ்சதும் பட்டுச்சேலைய எடுத்துக் கட்டுனேன். ஒம்பது மணி வண்டியப் புடிச்சேன்.

இரு, போன் அடிக்குது.

அவுருதான். எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். மணி என்ன அம்மிணி? பதினொன்னு அஞ்சா? இன்னும் அன்னூரே தாண்டலயே. அப்ப மேடையில இருந்தா அடிக்கறாரு? மேடையில இருந்துட்டு யாராச்சும் போன் பண்ணுவாங்களா? ...நின்னுருச்சு. ...பாரு, மறுக்கா அடிக்குது. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, எடுத்துத் தொலைக்கறேன்.

ஏனுங்? ...கத்தாதீங்க, கேக்குது. ...பஸ்ஸுலதான் இருக்கறேன். ...எங்கியோ போறேன், உங்களுக்கென்ன அது? ...பனி மேல போகுதா? மேல போகாம என்ன பண்ணும், ஐஸ் இருக்குதா வாளியில? ...தண்ணியாப் போச்சா. ஆறு மணிக்குப் போட்ட ஐஸ் பதினொரு மணிக்கு ஐஸாவா இருக்கும்? ...ஏனுங், அங்க பெரிய மனுசங்களுக்கெல்லாம் சர்பத்து குடுக்கறாங்களா? அந்த ஐஸை வாங்குங்க. வாங்குங்கன்னா! வெக்கத்தைப் பாத்தா பனி வராது. ...போட்டாச்சா? அதுமேல ஒரு கை கல்லுப்பு. ஆமா, உப்பு. சமையக்காரங்ககிட்டக் கேளுங்க. ...குழாய் வாயி எங்க பாக்குது? கீழ திருப்புங்க. ...இன்னும் கலையுதா? ஏனுங், மேல ஃபேன் ஓடுதா? ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க மொதல்ல! ஃபேன் ஓடுனா பனியென்ன, பேயே பறந்துரும்! ...இப்ப? ...எறங்குதா? ...படியிலயா? ...ஒவ்வொரு படியாவா?

கேட்டியா அம்மிணி? நானூறு பேரும் "ஓ"ங்கறாங்க. இந்தா, காதுல வெச்சுக் கேளு. கை தட்டறாங்க. குடு இங்க.

ஏனுங்... யாருங்க? ...ஆமாங்க, வணக்கங்க. ...என்னங்க? மைக்குலயா? நான் இவ்வளவு நேரமும் மைக்குலயா பேசிட்டு இருந்தேன்? அட கெரகமே. ...அப்படீங்களா, எல்லாரும் கேட்டாங்களா. ...ஐயோ, இல்லைங்க. நான் என்னத்தைங்க கண்டுபுடிச்சேன்? நமக்கென்னங்க தெரியும், நாலெழுத்துப் படிக்காதவ. ...இல்லைங்க இல்லைங்க, அவுரு சும்மா சொல்றாரு. எல்லாம் அவுருதாங்க. பனியும் அவுருதான், ரத்தமும் அவுருதான். நான் சோத்தப் பொங்கிட்டுக் கெடக்கறவ. ...ஆமாங்க. ...ரொம்ப சந்தோசங்க. வெச்சரட்டுங்களா?

வெச்சுட்டாங்க.

கை தட்டறாங்க பாத்தியா, அவுருக்கு. இப்ப மாலை போடுவாங்க. சால்வையும் போடுவாங்க. மேடையில அத்தனை பேரு இருந்தும், இது பாவாயி செஞ்சதுன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? ஒரு வார்த்தை?

என்னது? அவுரு சொன்னாரா? ஆமா, சொன்னாருதான். "எங்கூட்டுக்காரிதான் எல்லாம் செஞ்சா"ன்னு பின்னால ஒரு சத்தம் கேட்டுச்சு.

நானா? நான் எப்ப இல்லைன்னேன்?

...

அது சும்மா சொல்றது அம்மிணி. நாலு பேரு கேட்டா அப்படித்தான சொல்லுவாங்க? கொழம்பு நல்லா இருக்குதுன்னு ஒறம்பரை சொன்னா, "அட, இன்னைக்கு உப்பு கம்மிங்க"ன்னு சொல்றதில்லையா? சேலை நல்லா இருக்குதுன்னா, "பழசுங்க"ன்னு சொல்றதில்லையா? நாம இல்லைன்னு சொல்லோணும், அவிங்க மறுக்கா கேக்கோணும். ரெண்டாந்தடவை கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன், அது வேற. மூணாந்தடவை கேட்டிருந்தா, லேசா, "ஏதோ கூடமாட"ன்னு சொல்லியிருப்பேன். அவன் ஒரே தடவையில வெச்சுட்டான். அந்த மைக்குக்காரனுக்கு ஒரு முறை தெரிய வேண்டாமா?

நானூறு பேரு. மைக்குல. என்ற வாயாலயே.

வயிறு எரியுது அம்மிணி. தண்ணி இருந்தா ஒரு வாய் குடு.

நீ நம்பறயா? நான் செஞ்சதுன்னு நீயாச்சும் நம்பறயா? தலைய ஆட்டுனாப் பத்தாது. இரு, காட்டறேன். மடியில வெச்சிருக்கற இந்தப் போசி எதுக்குன்னு நெனைச்சே? காத்தால அவுரு போனதும் கைல வந்ததைப் போட்டுக் காச்சினேன். அவுருக்குக் குடுக்கறதுக்கெல்லாம் இல்ல. கடைசி வரிசையில இருந்து தூக்கிக் காட்டிட்டுத் திருப்பி எடுத்துட்டு வந்தரலாம்னு. மூடி கொஞ்சம் இறுக்கம், அந்தப் பக்கம் புடி. ஆ, வந்துருச்சு. பாரு கலரை. உள்ள அந்தக் கறுப்பு தெரியுதா? இப்ப உள்ள கெடக்கற கரண்டியத் தூக்கறேன், அது எறங்கறதைப் பாரு. அவசரமே இருக்காது. வெளிச்சம் பத்தல, இரு, எந்திரிச்சு நின்னு காட்டறேன். இப்படித் தூக்கி, இப்படிச் சாய்ச்சா...

ஐயோ!

இந்த டிரைவருக்குக் கண்ணு எங்க இருக்குது! இப்படியா பிரேக்கப் போடுவான்! முன்சீட்டுக்காரரு மேல பூராக் கொட்டிருச்சே!

அண்ணா, அண்ணா, கத்தாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க. எங்கியும் வெட்டுப் படல. அது வேட்டியிலதான் இருக்குது, உள்ள ஒண்ணுமில்லைங்க. ஏனக்கா, நீங்க எதுக்கு அழுகறீங்க, அவுரு நல்லாத்தான் இருக்காரு. கண்டக்டரு தம்பி, விசிலடிக்காத சாமி. ஆஸ்பத்திரிக்கெல்லாம் உட வேண்டாம். யாரும் யாரையும் குத்தல.

என்னங்க தம்பி கேக்கறீங்க? யாரு பண்ணுன வேலையா?

அம்மிணி, நீ ஒக்காரு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

நான்தாங்க. நான் பண்ணுனதுதாங்க அது. ஆமாங்க, இந்தக் கையிலதான். பீட்ரூட்டு, சக்கரை, காப்பி டிகாசன் ரெண்டு சொட்டு. வேற யாரும் கூட இல்லைங்க, நான் ஒருத்திதான். அண்ணா, நெசமான ரத்தம்னே நெனைச்சுட்டீங்களா? இத்தனை கிட்ட இருந்து பாத்துமா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல. ...பேருங்களா? பாவாயிங்க. சத்தி வடக்குப்பேட்டை. எழுதிக்கங்க.

தண்ணி ஊத்தித் தேய்க்காதீங்கண்ணா, பரவிரும். ...தொவைச்சா போயிருமான்னா கேக்கறீங்க? போகாதுங்க. போகற மாதிரி நான் காச்சலைங்க.